உதடு மட்டும்

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் இரும்பு டீச்சர். அறக்கட்டளைப் பள்ளியில் பதினோரு வருடமாகத் தலைமையாசிரியை. அவர் செருப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டாலே மேல்மாடி வகுப்புகள் கப்சிப் ஆகிவிடும். காலை வழிபாட்டில் எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பிரார்த்தனையைத் தொடங்கி வைப்பதும் அவர்தான். ஒலிபெருக்கியே தேவையில்லை என்று தாளாளர் பெருமையடித்துக் கொள்வார்.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூளைக் காய்ச்சலில் விழுந்தாள். தலைமையாசிரியை பள்ளி விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், வராந்தாவின் வெறும் தரையில் முட்டிபோட்டு வேண்டினார். ஆறு நாள். "உங்க பொண்ணு எழுந்து வந்துடுவா. எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்று அவள் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். ஏழாம் நாள் பெண் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்குப் பிரார்த்தனை வரவில்லை. தொண்டைக் கட்டு என்று சொல்லி, பாட்டு டீச்சரை ஒலிபெருக்கியில் சொல்ல வைத்துவிட்டுத் தான் பக்கத்தில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. கோப்பில் கையெழுத்துப் போடும்போது தன் பெயரின் பாதியிலேயே நின்று யோசித்தார்.

அப்போதுதான் அறக்கட்டளை தலைமையாசிரியர்களுக்கென்று ஒரு நலத் திட்டம் தொடங்கியது. புதன்கிழமைதோறும் ஒரு மனநல ஆலோசகர் வந்தார். பஞ்சு போன்ற குரல் அந்தப் பெண்ணுக்கு. பழைய தையல் அறையில் இரண்டு நாற்காலி போட்டார்கள்.

"இங்க பேசறது இந்தக் கதவைத் தாண்டாது மேடம்."

நான்கு வாரம் "நல்லா இருக்கேன்" என்பதோடு தலைமையாசிரியை நிறுத்திக்கொண்டார். ஐந்தாவது வாரம் ஆலோசகர், "உங்களை யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டதுதான் தாமதம், இரும்பு உடைந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "மேடையில நிக்கறேன். உதடு மட்டும்தான் ஆடுது. உள்ள யாரும் இல்ல" என்று முந்தானையில் முகத்தைப் பொத்தி அழுதார். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்துத் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் தட்டச்சு செய்த நாலு பக்கம். தாளாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைக்காரர் ரசீது படிப்பதுபோல் படித்தார். "'உள்ள யாரும் இல்ல.' இது நீங்க சொன்னதுதானே?"

ஆலோசகரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"கதவைத் தாண்டாதுன்னு சொன்னியேம்மா" என்றார் தலைமையாசிரியை.

"என்னை நியமிச்சது அவங்க மேடம். கேட்டா எழுதிக் கொடுத்துதானே ஆகணும்?" குரலில் அந்தப் பஞ்சு அப்படியே இருந்தது.

"உங்க நல்லதுக்குத்தான்" என்றார் தாளாளர். "கொஞ்ச நாள் பாடநூல் கிடங்குல இருங்க. அங்க பிள்ளைங்க கிடையாது, மேடை கிடையாது. நிம்மதியா இருக்கலாம்."

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை வழிபாட்டில் அவரை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். "நம்ம டீச்சர் நம்பிக்கையை இழந்துட்டாங்க. அது அவங்களுக்குத் திரும்பக் கிடைக்க எல்லாரும் வேண்டுவோம்" என்று தாளாளர் அறிவித்தார். எண்ணூறு பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். முன்வரிசைச் சின்னதுகள் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, நம்பிக்கையை இழந்தவர் எப்படி இருப்பார் என்று பார்த்தன. அவர் மடியில் கை வைத்து அசையாமல் இருந்தார்.

வீட்டில் கணவர் தட்டைத் தள்ளி வைத்தார். "உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னா? இனி நாலு பேர் முகத்துல எப்படி முழிக்கிறது?"

கடைசி நாள் தன் பொருட்களை அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, வாசலில் இறந்த பெண்ணின் அம்மா நின்றிருந்தாள். இளைய மகளை அழைத்துப் போக வந்தவள்.

"டீச்சர், நீங்க மேடையில உதட்டை மட்டும் அசைச்சீங்கன்னு ஊரெல்லாம் பேசிக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணுக்காக அங்க முட்டி போட்டீங்களே, அதுவும் வெறும் உதடுதானா?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "ஐயோ, இல்லம்மா. அன்னைக்கு நான் உண்மையா வேண்டினேன். என் உசிர வெச்சுக் கேட்டேன். அவ போனதுக்கு அப்புறம்தான்…"

"அதை எப்படி நம்பறது?"

"சத்தியமா சொல்றேன்."

"யார் மேல சத்தியம்?"

அவர் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"நம்பறேன்னு சொன்னா உங்களுக்கு மனசு ஆறிடும். எனக்குத் தெரியும்" என்றாள் அந்த அம்மா. "சொல்ல மாட்டேன் டீச்சர்." மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஓய்வு பெறும்வரை தலைமையாசிரியை மூன்று வருடம் கிடங்கில் புத்தகக் கட்டுகளுக்குக் கயிறு கட்டினார். அந்தத் தாய்க்கு இரண்டு கடிதம் எழுதினார். முதலாவதற்குப் பதிலில்லை. இரண்டாவது, பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.