சின்னப் பெட்டி

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் சூட்கேஸ் விற்கும் அந்த மனிதர் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமலே பேசுவார். விடுமுறைக்குத் துபாய் போக இருந்த நான் சின்னப் பெட்டி கேட்டேன். ஆகப் பெரியதை எடுத்து வைத்து, பெண்கள் யார் வந்தாலும் செய்வதுபோல், கட்டுவதற்கு நைலான் கயிறும் வெட்டினார்.

“வீட்டு வேலைக்கு ரெண்டு வருஷம்னா இதுதாங்க பத்தும்.”

“நான் டீச்சருங்க. ஒரு வாரம் சுத்திப் பாக்கப் போறேன்.”

“தோட்டத்து லய வீடுகள்ல எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் போறாங்க.”

கயிற்றை அவர் பக்கமே வீசினேன். “சின்னத எடுங்க.”

“சின்னது இல்லீங்க. இங்க யாரு அதக் கேக்குறாங்க?”

திட்டுவதற்காக நிமிர்ந்தேன். கடை முழுக்கப் பெரிய பெட்டிகளே நின்றன.

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எதற்கு என்றுதான் தெரியவில்லை.