செல்லில் தெரியாத மூக்கு

மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டுச் சின்னக்கண்ணு யாரையும் கேட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்தவள் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். நாற்பது வயது வரைக்கும் அவள் எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்தாள். மிளகை விற்கக் கேட்டாள், பஸ் ஏறக் கேட்டாள். தாய் செத்துப்போன பிறகு தன் கையிலேயே வளர்ந்த தங்கை அம்சவேணியைப் பள்ளிக்கு அனுப்பக்கூடக் கணவன் கருப்பண்ணனிடம் கேட்டாள். அந்தப் பழக்கம் 2008இல் நின்றது. நிறுத்தியது ஒரு செல்போன்.

அம்சவேணி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், அங்கே கூட வேலை செய்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். கருப்பண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான்.

"அவ ஊட்டு வாசப்படிய மிதிக்கறவங்க யாரா இருந்தாலும் என்ற ஊட்டுக்குள்ள வரக்கூடாது!"

யாராக இருந்தாலும் என்றால் யார்? அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான்.

மிளகு விலை கேட்க வாங்கிய செல்போன் சின்னக்கண்ணுவின் மடியில் இருந்தது. அக்காவும் தங்கையும் அதில் பேசிக்கொண்டார்கள். அதையும் தடுக்கலாம் என்று பாவம், கருப்பண்ணனுக்குத் தோன்றவில்லை. அம்சவேணிக்கு ஆண் குழந்தை பிறந்ததும் அவள் வீட்டுக்காரன் வீடியோ எடுத்து அனுப்பினான். ஆனால் சின்னக்கண்ணுவின் போனுக்கு வந்து சேர்ந்தது இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. போனைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அங்கே அடிவாரத்து வியாபாரக் குடும்பத்துப் பெண் சாயிரா செல் கடை வைத்திருந்தாள். கடையைவிடப் பெரிதாக இருந்தது, போன் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன மஞ்சள் போர்டு.

"ஏனுங்க்கா, வீடியோ இருக்கற எடத்துக்கு இது வெலாசமுங்க. நெட்டுல போய்த்தான் பாக்கோணும்" என்றாள் சாயிரா.

விலாசத்தை அழுத்தினால், போன் கம்பெனி நெட்டிலேயே விரித்திருந்த சொந்தக் கடையில் போய் நின்றது. சினிமாப் பாட்டு, கிரிக்கெட், ராசிபலன், எல்லாம் காசுக்கு. அதைத் தாண்டி ஓர் அடி விடவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால், "இதுல எங்க பக்கம் மட்டும்தான் திறக்கும் மேடம்" என்று இனிக்க இனிக்கச் சொன்னார்கள்.

"காசு குடுத்து வாங்குனது நானுதான கண்ணு?"

"ஆமாங்க்கா."

"அப்பறம் தாப்பாப் போட இவுங்க யாரு?"

நியாயமான கேள்வி. இன்றுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கச் சாயிராவுக்குத் தெரியும். திறந்துவிட்டால் போர்டைக் கழற்றிவிடுவோம் என்று கம்பெனி ஆள் ஏற்கெனவே மிரட்டியும் வைத்திருந்தான். அவள் ஒரு தரம் போர்டை அண்ணாந்து பார்த்தாள்.

"கழட்டுனாக் கழட்டிக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏதேதோ எண்களை அழுத்தினாள்.

விலாசம் திறந்தது. வீடியோ மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு குழந்தை வீறிட்டு அழுதது. அம்சவேணியின் குரலும் வந்தது. "அக்கா, இவன் மூக்கப் பாருக்கா! அப்பிடியே உன்னாட்டமே!"

சின்னக்கண்ணு பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது.

"எங்க கண்ணு மூக்கு?"

"இந்த மாதிரி வீடியோ இந்தப் போனுக்கு ஒத்துக்கலீங்க்கா. சத்தம் மட்டுந்தான் வருது. என்ற போனுக்கு ஏத்திப் பாக்கலாம்னா, அனுப்பவும் உடமாட்டீங்குது."

மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் அழுகை, மறுபடியும் பாருக்கா, மறுபடியும் கறுப்பு. சின்னக்கண்ணுவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாக்காதே என்று சொல்ல வீட்டில் ஒருத்தன் போதாதா? கைக்குள் அடங்கும் இந்தப் பெட்டியுமா சொல்ல வேண்டும்? போனை மடியில் செருகிக்கொண்டு, புறப்பட நின்ற நாமக்கல் பஸ்ஸை நோக்கி விடுவிடுவென்று நடந்தாள்.

எதிர் டீக்கடையில் இருந்த கருப்பண்ணன் டம்ளரோடு எழுந்து வந்தான்.

"எங்க போற?"

"அம்சா பையன் மூக்கப் பாக்கப் போறனுங்க."

"போனீன்னா திரும்பி வராத, சொல்லிப்போட்டேன்!"

பஸ் படியில் நின்றபடியே அவள் திரும்பினாள். டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அந்த ஊட்டுச் செவுத்துல பாதி மண்ணு நான் சொமந்ததுங்க. என்ற பாதிக்குள்ள நான் வந்துக்கறன்."

திருப்பூரில் அவள் குழந்தையைக் கீழே விடவே இல்லை என்று அம்சவேணி பிறகு குறைபட்டுக்கொண்டாள். ஆசை தீர இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது சாயிரா கடையில் மஞ்சள் போர்டைக் காணோம். ஒரு தகரத்தில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டிருந்த சாயிரா, பெயிண்டுக் கையோடு சிரித்தாள்.

வீட்டில் கதவு திறந்துதான் கிடந்தது. அடுப்பில் அடிப்பிடித்த சோறு. கருப்பண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் உள்ளே வந்தாள். வெளியே போ என்று அவன் சொல்லவில்லை. பானையை எடுத்துப்போய்த் தேய்த்தாள், உலை வைத்தாள். சோறு கொதிக்கும்போது, திரும்பாமலே அவன் கேட்டான்.

"மூக்கு யாராட்டம் இருக்குது?"

சின்னக்கண்ணு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள்.

"செல்லுல தெரியாதுங்க. போய்ப் பாத்துட்டு வாங்க."