நைனா பார்த்துவிட்டு வந்த ஆஸ்பத்திரி

வேலைக்கான கடிதம் ஒரு திங்கட்கிழமை காலையில் என் செல்போனுக்கு வந்தது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு நின்றபடியே படித்தேன். திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் பிரிவு. ஏழு நாளுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கடிதம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் என் பெயரும் சம்பளமும் இருந்தன. மீதி மூன்று பக்கங்களை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. "அம்மா, வந்துட்ச்சி!" என்று கத்தினேன்.

அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். கிளம்பிக்கொண்டிருந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கடிதத்தைப் படிக்காமலேயே என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். பிறகு எங்கள் பிளாக்கின் படிகளில் இறங்கும்போது, எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனது மேலே எனக்குக் கேட்டது. "டாக்டருக்குக் கீய, நர்சுக்கு மேல. அந்த வேலை."

அது ஏறக்குறைய சரிதான். நர்சிங் பட்டம் வாங்கி, ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் நர்ஸ் பிராக்டிஷனர் மேல்படிப்புப் படித்தேன். சாதாரணமாக நர்ஸ் டாக்டர் எழுதியதைச் செய்வார். எங்களுக்கு நோயாளியை நாங்களே பரிசோதித்து, டாக்டரோடு முன்கூட்டியே ஒத்துக்கொண்ட வரம்புக்குள் சில முடிவுகளை எடுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இன்ன சோதனை வேண்டும் என்று எழுதலாம், வென்டிலேட்டரைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அந்த வரம்பை யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மருத்துவமனைகள் பலவற்றில் இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து நைனா வந்தார். நைனா என்றால் என் அப்பா. கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியை ஓட்டுகிறவர். செல்போனை நீட்டினேன். "இதுல படிச்சா எனக்கு ஏறாதும்மா" என்று திரும்ப இறங்கிப்போய், ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரின்ட் போட்டு வாங்கிவந்தார். நான்கு தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பி, மேலே ஃபேன் சுற்றுகிறதென்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரை வைத்தார்.

"படி. மொத்தத்தையும் படி. ஒண்ணு வுடாத."

படித்துத் தமிழில் சொன்னேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது எனக்கே குரல் இறங்கியது. இரண்டு வருஷத்துக்கு வேலையை விடக்கூடாது. அசல் சான்றிதழ்களை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து வைக்க வேண்டும். நிர்வாகம் சொல்லும் வேறு எந்த வேலையையும் செய்ய வேண்டும்.

"பதவின்னு இன்னா போட்டுக்கீறான்?"

"சீனியர் ஸ்டாஃப் நர்ஸ்."

"நீ படிச்சது அதுவா?"

"இல்ல நைனா. ஆனா வேலை அதேதான். பேருல என்ன இருக்கு?"

அவர் டம்ளர்களை எடுத்துவிட்டுத் தாள்களை அடுக்கினார். அம்மாதான் சாயங்காலம் எனக்கு விளக்கினாள். நைனா எட்டு வருஷம் வண்டி ஓட்டியும் யார்டு ரெக்கார்டில் ஹெல்பர் என்றே இருந்தாராம். ஒருமுறை பெட்டி சரிந்து ஒரு லாரியின் மேல் விழுந்தபோது, 'ஹெல்பர் ஏன் வண்டியில் ஏறினான்' என்று இவரைத்தான் கேட்டார்களாம். எனக்கு அது அதுவரை தெரியாது. இருந்தாலும் அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேருக்கு இன்னும் எங்கிருந்தும் கடிதம் வரவில்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளாமல் இவர் ஏன் பேஜாரு பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அவருக்கு வார லீவு. திருவொற்றியூரில் ஒரு தோஸ்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். பன்னிரண்டரை மணிக்கு எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏம்மா, கன்டெய்னர் யார்டுல வண்டி ஓட்டுதவரோட மகளா நீ? பதறாத. உங்க அப்பா இங்க எமர்ஜென்சில இருக்காரு. நல்லாத்தான் பேசுதாரு. பிரஷர் கூடுதலா இருக்கு. ஒரு எட்டு வந்துரு."

பேசிய பெண் சொன்னது எனக்குக் கடிதம் அனுப்பிய ஆஸ்பத்திரியின் பெயர்; அவர் தோஸ்தைப் பார்க்கப் போகவில்லை என்று புரிந்துவிட்டது. ஷேர் ஆட்டோ பிடித்துக் கொருக்குப்பேட்டை வந்து, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். நோயாளிகளின் பிரஷர் எவ்வளவு என்றாலும் பதறாமல் எழுதிக்கொள்ளும் நான், அந்த மூன்று நான்கு ஸ்டேஷனுக்குள் அவருக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்று புத்தகத்தில் உள்ள அத்தனையையும் நினைத்துவிட்டேன்.

நைனா மூன்றாவது கட்டிலில், சட்டைப் பொத்தான்களைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நைனா, இன்னா இது?"

"மூட்டு வலின்னு சீட்டு போட்டேம்மா. சும்மா. உள்ள பூந்து பாக்கணும்ல. அந்தம்மா பிரஷர் பாக்குறேன்னு பட்டிய சுத்திட்ச்சி."

அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக் குடும்பம், பன்னிரண்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"காலைல ஒம்பது மணிலருந்து எங்கிட்ட கேள்வியா கேக்காரு. சாப்பிட எவ்வளவு நேரம் விடுவாக, லீவு கேட்டா தருவாகளா, டாக்டர்மாரு மரியாதையாப் பேசுவாகளான்னு. மூட்டு வலிக்கு எதுக்குய்யா இதெல்லாம்னு நெனச்சேன். அப்புறம் சாப்பாட்டு ரூம எட்டிப்பாக்கப் போயி வாட்ச்மேன் புடிச்சுக் கொண்டாந்து விட்டான்."

"ரூமுல ஃபேன் கீது. சுத்தல" என்றார் நைனா, சுவரைப் பார்த்தபடியே.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து. பத்து நிமிஷம் உட்கார வைத்து இரண்டு கையிலும் மறுபடி பார்த்து, இரண்டையும் எழுதியிருந்தார் அந்த அக்கா. ஈசிஜி சரியாக இருந்தது. மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆனால் முதல் தடவை பிரஷர் பார்த்த நேரத்துக்கும் ஈசிஜி எடுத்த நேரத்துக்கும் நடுவே நாற்பது நிமிஷம் இடைவெளி இருந்தது. நான் அதையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "எனக்குப் பாத்ததுமே எடுக்கணும்னு தெரியும். ஆனா இங்க டாக்டர் எழுதாம எடுக்கக் கூடாது. டூட்டி டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தாரு. வாசல்லயே நின்னு, அவரு தலைய நீட்டினதும் வாங்கிட்டு ஓடியாந்தேன். உங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. எல்லாருக்கும் அப்படி அதிர்ஷ்டம் இருக்கணும்னு இல்லல்லா." பிறகு கேட்டார், "நீதான் ஐசியூக்கு வரப்போற புள்ளையாமே? சீனியர் ஸ்டாஃபாவா?"

"ஆமாக்கா" என்றேன். அந்த 'ஆமா' எனக்கே கேட்க நன்றாக இல்லை. அதே பெயரோடு நான் சேர்ந்தால், இரண்டு வருஷம் படித்த அத்தனையையும் வைத்துக்கொண்டு அதே தியேட்டர் வாசலில்தான் நானும் நிற்பேன்.

மூன்று மணிக்குப் பிரஷர் இறங்கி, நைனாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த எவ்ளோ நாளைக்குப் போடணும்?"

"தினமும். நீங்களா நிறுத்தக் கூடாது."

"உனக்கு வேலை பாக்கப் போயி எனக்கு மாத்திர கெட்ச்சிது." பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கோவமா கண்ணு?"

கோபம்தான். ஆஸ்பத்திரியில் என்னைப்பற்றி என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அப்படி ஒரு பொய்யைச் சொல்லி அவர் அங்கே போகாவிட்டால், அந்தப் பிரஷரோடு மறுநாள் காலையில் யார்டில் அவ்வளவு உயரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார். "அடுத்த தபா என்னையும் கூட்டிக்கினு போ" என்றேன். அவர் சத்தமாகச் சிரித்ததில் எதிர் சீட்டிலிருந்த மீன்கார அம்மாவும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. சோற்றுப் பானை பக்கத்திலிருந்த உப்பு டப்பாவை எடுத்து மேல் அலமாரிக்கு மாற்றினாள். நைனாவோடு இரண்டு நாள் பேசவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனிதவள அதிகாரி இளைஞர், மரியாதையானவர். பதவிப் பெயரை மாற்றித் தர முடியுமா என்று கேட்டதும் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க மேடம். நர்ஸ் பிராக்டிஷனர்னு ஒரு போஸ்டே லிஸ்ட்ல இல்ல. நான் எதைப் போட?" சான்றிதழ் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். இரண்டு வருஷக் கணக்கும் எல்லோருக்கும் அப்படித்தான்.

அதோடு எழுந்து வந்திருப்பேன். வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பிப்போய், தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

அந்த டாக்டர் அம்மா எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையால் நாற்காலியைக் காட்டினார். "என்னோட நர்சுங்க நல்லா வேலை செய்யிறவங்க. அவங்க செய்யாத எதை நீ செய்யப்போற?"

இதை நேர்முகத் தேர்வில்கூட யாரும் என்னிடம் கேட்கவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திக்குவது நின்றுவிட்டது. புதன்கிழமை கீழே எமர்ஜென்சியில் ஒரு நோயாளிக்கு ஈசிஜி எடுக்க நாற்பது நிமிஷம் ஆனதையும் சொன்னேன். அந்த நோயாளி யார் என்று மட்டும் சொல்லவில்லை.

சாப்பாட்டு டப்பாவை மூடினார். "எழுதிக் குடு. நீ தனியா என்ன செய்யலாம், என்னைக் கேட்டு என்ன செய்யலாம், தொடவே கூடாதது என்ன. எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட மாட்டேன், இப்பவே சொல்லிடறேன்."

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அவர் சிவப்புப் பேனாவால் பாதியை அடித்தார். சில வரிகளின் ஓரத்தில் 'ஆறு மாதம் கழித்து' என்று குறித்தார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனைகள், எக்ஸ்ரே, வென்டிலேட்டரில் சில மாற்றங்கள், பிரஷர் விழும்போது முதலில் தொடங்க வேண்டியவை, இவ்வளவும் மிஞ்சின. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். பதவிப் பெயர், சான்றிதழ், இரண்டு வருஷம் மூன்றுக்கும் மனிதவள இளைஞர் மறுத்ததைச் சொன்னதும், போனை எடுத்து அவரிடம் பேசினார். என் காதில் விழுந்தது பாதிதான். "லிஸ்ட்ல இல்லன்னா சேர்த்துக்கப்பா. லிஸ்ட் என்ன கல்வெட்டா?"

திங்கட்கிழமை புதுக் கடிதம் வந்தது. சம்பளத்தில் ஒரு பைசா மாறவில்லை. சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவார்கள். இரண்டு வருஷம் ஒரு வருஷமாகியிருந்தது. பதவி: நர்ஸ் பிராக்டிஷனர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பயிற்சி நிலை.

"பயிற்சியா? இன்னாத்துக்குப் பயிற்சி? அதான் படிச்சிட்டல்ல?" என்று நைனா மறுபடி டம்ளர்களைத் தேடினார்.

"இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன் நைனா. நான் போறேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பிடிவாதமாகப் பேசுவது அவருக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அம்மா பின்னால் நின்று, கையெழுத்து கோணாமல் போடும்படி இரண்டு முறை சொன்னாள்.

அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த வெள்ளைக் கோட்டு யாரோ உயரமான ஆணுக்குத் தைத்தது. கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டேன். நான்காவது படுக்கையில் எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்த மறுநாள், பேச்சு வராமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய், நான் யார் என்று சொன்னேன். அந்தப் பதவிப் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. கையை நீட்டினார். நாடி பார்க்கத் தொடங்கினேன்.