மூன்றாண்டில் நான்கு வயது குறைந்தவள்

ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தெட்டு வயது. தினமும் மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறி உப்பலில் இறங்கி, ஒரு பம்பு கம்பெனியில் சாயங்காலம்வரை பில் அடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் அடிக்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பங்களின் பெயர்களைப் பழைய காகிதங்களிலிருந்து கணினியில் ஏற்றுகிறாள். கூட மூன்று பேர் உதவுகிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தன் முன்னோரைத் தேடிக்கொள்ளலாம். எதற்கு இந்த வேலை என்று கேட்டால், "தெரிஞ்சுக்கணும்னு இருக்கு" என்பாள். அதற்கு மேல் அவளிடம் காரணம் இல்லை.

போன செப்டம்பரில் ஆரோக்கியமேரி வந்தார். எழுபத்தொரு வயது, மெட்டுகுடா ரயில்வே காலனியில் பிறந்தவர்.

"எங்க அம்மா பேரு வேணும்டி."

"உங்க அம்மா பேரு உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி?"

"தெரிஞ்சா உங்கிட்ட கைக்கு வர்றேன்?" 'ஏன்' என்பதற்கு அவர் வாயில் ஹைதராபாத் 'கைக்கு'தான் வரும்.

ஆரோக்கியமேரிக்கு இரண்டு வயதாகும்போது, 1956இல், அம்மா இறந்துவிட்டார். ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை பார்த்த அப்பா மறுவருடமே இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். செத்தவளைப் பற்றி அதன்பின் வாய் திறக்கவில்லை. ஆரோக்கியமேரி பிறந்த வருடத்து ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கோயிலில் வாசிப்பார்கள். ஐம்பது வருடமாக ஆரோக்கியமேரி 'என் அம்மா' என்று எழுதிக் கொடுக்கிறார். வாசிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

"அப்பாவோட காகிதம் ஏதாவது இருக்கா?"

"எல்லாம் இருக்கு. எதை எடுத்தாலும் பெண்டாட்டி அன்னம்மாள், அன்னம்மாள். சின்னம்மா பேரு. அது எனக்கு நக்கோ, வேணாம்."

ஸ்டெல்லா முதலில் நினைத்தது 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. இணையத்தில் ஒருவன் 'முழுப் பெயர்ப் பட்டியல்' என்று எட்டாயிரம் ரூபாய் கேட்டான். மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்பச் சொன்னாள். வந்தது: ஜில்லா, ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் இத்தனை. பெயர் ஒன்றுகூட இல்லை. அதே அட்டவணை அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். தனிநபர் விவரம் சட்டப்படி ரகசியம், யாருக்கும் தருவதில்லை என்று பதில் வந்தது.

சில நாடுகளில் எழுபது வருடமோ நூறு வருடமோ கழித்துப் பெயர்களைத் திறந்து காட்டுகிறார்கள். இங்கே எழுபத்தைந்து வருடம் கழித்தும் ஒரு மகளுக்குத் தாயின் பெயர் ரகசியம்! வாக்காளர் பட்டியலும் யோக்கியமில்லை. முதல் பொதுத்தேர்தலில் லட்சக்கணக்கான பெண்கள் 'இன்னார் மனைவி' என்று மட்டும் சொன்னதால் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள். பெயர் சொல்லாதே என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த சமூகம், பெயர் இல்லை என்று அவளையே தள்ளிவைத்தது.

ஸ்டெல்லா வேறுபக்கம் யோசித்தாள். எண்ணுகிறவனுக்குத் தலை போதும். பெயர் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும்? அரிசி போட்டவனுக்கு. தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பவன் யார் யார் என்று எழுதாமல் கொடுக்கமாட்டான்.

காலனியில் அந்தக் காலத்தில் ஒரு கூட்டுறவுக் கடை இருந்தது. அதன் பேரேடுகள் சங்க அலுவலகப் பரணில் கிடந்தன. சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உலகநாதன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டேன் அம்மா. கரையான் மண்ணுக்கும் சேர்த்துக் காசு குடுக்கணுமான்னு கேட்டுட்டுப் போயிட்டான். அதனால தப்பிச்சுது."

"எவ்வளவு தரணும் சார்?"

"தும்மாம எடுத்துக்கிட்டுப் போங்க, போதும்."

இரண்டு பேரேடுகள் தேறின. 1955, 1958. ஸ்டெல்லா படம் எடுத்துப் பக்கங்களைப் பங்கிட்டாள். ஆரோக்கியமேரியின் அப்பா கணக்கு இருந்த பக்கங்கள், உதவும் மூவரில் ஒருத்தியான, அமீர்பேட் விடுதியில் இருக்கும் ஹர்ஷிதாவுக்குப் போயின. தமிழை அச்சில் படிக்கவே தடுமாறுவாள். ஆனால் எண்களில் தவறமாட்டாள்.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா அவளை போனில் பிடித்தாள். "ஏம்மா, 55ல அன்னம்மாள் வயசு இருபத்திமூணு. 58ல பத்தொன்பதுன்னு அடிச்சிருக்க. மூணு வருஷத்துல நாலு வயசு குறையுமா? இருபத்தாறுன்னு மாத்திடறேன்."

"நோ அக்கா, மாத்தாதீங்க. ஐ டைப்ட் வாட் ஈஸ் தேர். ஃபோட்டோ சூடண்டி, பாருங்க."

ஸ்டெல்லா படத்தைப் பெரிதாக்கினாள். பத்தொன்பதேதான். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. 1955இல் சின்னம்மா இந்த ஊருக்கே வரவில்லையே.

மெட்டுகுடாவில் இரண்டு தெரு தாண்டி ஆரோக்கியமேரியின் வீட்டுக்கு ஓடினாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"ஆன்ட்டி, அன்னம்மாள் உங்க சின்னம்மா இல்லை. உங்க அம்மா."

ஆரோக்கியமேரி இரண்டு வயதையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்:

"ரயில்வே ஆஸ்பத்திரில அன்னம்மாள்னு கூப்பிட்டா சின்னம்மா எந்திரிக்காது. நான்தான் இடிப்பேன். செவிடுன்னு திட்டிருக்கேன்."

விஷயம் எளிது. மனைவி இறந்ததை எழுதிக் கொடுத்து, புது மனைவியைச் சேர்க்க நாலு ஆபீஸ் ஏறவேண்டும். ரயில் பாஸ், மருந்து, அரிசி எல்லாம் அதுவரை நிற்கும். காலனியில் பலரும் செய்ததை அப்பாவும் செய்தார். பெயரை அப்படியே விட்டுவிட்டு ஆளை மாற்றிவிட்டார். கடைக் குமாஸ்தா மட்டும் எதிரில் நின்றவளைப் பார்த்து உண்மை வயதை எழுதியிருக்கிறார். செத்தவளின் பெயரைச் சுமந்தே அந்தப் பெண் நாற்பது வருடம் சமைத்தாள், துவைத்தாள், செத்தாள். அவள் கல்லறையிலும் அன்னம்மாள்தான்.

"அம்மா பேரு கிடைச்சிடுச்சே ஆன்ட்டி, சந்தோஷம்தானே?"

"ஹவ், ஆமா." ஆரோக்கியமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னம்மாள். நல்ல பேரு. இத்தனை நாளா வெறுத்துட்டேன்டி." பிறகு நிமிர்ந்தார். "அப்ப எனக்குச் சோறு போட்டவ பேரு என்ன?"

வீட்டில் அப்பா 'இந்தாம்மா' என்பார். பிள்ளைகளுக்குச் சின்னம்மா. வேறு யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. பிறந்த ஊர் கோலார் தங்கவயல். அங்கே அவளுடைய தம்பி மகள் ரோஸ்லின் இருக்கிறாள். ஆரோக்கியமேரியின் டைரியில் கடைசிப் பக்கத்தில் எண் கிடைத்தது. ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். நலம் விசாரித்து முடிந்ததும் ஆரோக்கியமேரி தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ரோஸ்லின், உங்க அத்தை பேரு என்னம்மா?"

"எந்த அத்தை? உங்க வீட்டுக்கு வந்தவங்களா? சகாயமேரி." ரோஸ்லினே திருப்பிக் கேட்டாள். "ஏன்க்கா, நாப்பது வருஷம் கூட இருந்தீங்களே, கேட்கவே இல்லையா?"