பார்லருக்கு வந்த சம்மன்

பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு ஒரு தொந்தரவு உண்டு: வருகிறவர்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பதால், பின்னால் நிற்கிற நம் முகம் வெளுத்தால் அதுவும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். திருவண்ணாமலையில் பதினாறு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். கிரெடிட் கார்டு பாக்கிக்காக ஒரு வங்கி என்மேல் கேஸ் போட்ட காலத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். மினிமம் தொகையைக் கட்டிவிட்டு, மீதியை அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் உங்களில் இருந்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கடன் வந்த கதை சின்னது. கொரோனா இரண்டாம் அலையில் என் வீட்டுக்காரர் சேகருக்கு மூச்சுத் திணறல். அலைந்து திரிந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். முன்பணத்துக்குக் கார்டைத் தேய்த்தேன். அப்புறமும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சொந்த வேன் வைத்து ஸ்கூல் டிரிப் ஓட்டுகிறவர். ஸ்கூல் மூடியிருந்தது, கல்யாணங்கள் இல்லாமல் பார்லரும் மூடியிருந்தது. நிஜத்தைச் சொன்னால் மாத்திரைகூட வேண்டாம் என்பார். அதனால், எல்லாம் காப்பீட்டுத் திட்டத்தில் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் மினிமம் கட்டினேன். பிறகு அதுவும் முடியவில்லை.

சோபாவில் இரண்டு பேர்

முதலில் வங்கியிலிருந்து போன்தான் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் வசூல் ஆட்களே வந்துவிட்டார்கள். பெண்கள் மட்டும் வருகிற பார்லரில், இரண்டு வாட்டசாட்டமான ஆண்கள் மாடிப்படி ஏறி வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். பணம் வாங்காமல் போவதில்லை என்றார்கள். என்னிடம் வேலை செய்கிற மும்தாஜ், அக்கா ஊரில் இல்லை என்று சொல்லப் பார்த்தாள். அவர்கள் செல்போனில் இருந்த என் போட்டோவைக் காட்டிச் சிரித்தார்கள். ஹேர் கலர் போட்டுக்கொண்டிருந்த பெண் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள்.

உள் அறையில் ஒரு தலைமையாசிரியை ஃபேஸ் பேக்கோடு படுத்திருந்தார். கண்ணில் இருந்த வெள்ளரிக்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்ற முகத்தோடு அவர்கள் முன்னால் வந்து நின்றார். ஒரு மிரட்டல் இல்லை, ஒரு அதட்டல் இல்லை. அவர் கேட்டது இவ்வளவுதான், அதற்கப்புறம் அவர்கள் இரண்டு நிமிஷம்கூட உட்காரவில்லை: “தம்பி, உங்க ஐடி கார்டு, பேங்க் கொடுத்த லெட்டர், ரெண்டையும் எடுங்க. சீக்கிரம், பேக் காயறதுக்குள்ள நான் மூஞ்சி கழுவணும்.”

ரிசப்ஷனுக்கு முன்னால்

அவர்கள் திரும்ப வரவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். சில மாதம் கழித்து, மாலை ரிசப்ஷனுக்கு ஒரு கல்யாணப் பெண்ணை உட்காரவைத்துக் கண் மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில், கோர்ட் காகிதம் கொண்டுவருகிற அமீனா வந்து நின்றார். கலைவாணி யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். சம்மன் என்றார். பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாங்கமாட்டேன் என்று சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அமீனா வயசானவர், பொறுமையானவர். என்னைத் தனியாகப் படிக்கட்டுக்கு வரச்சொல்லி, நான் வாங்காவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுப் போகவேண்டியிருக்கும் என்று தணிந்த குரலில் சொன்னார். எங்கள் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். மணப்பெண் அலங்காரம் என்று பெரிதாக எழுதிய ஸ்டிக்கர். அதன் கீழே கோர்ட் காகிதம். கையெழுத்துப் போட்டு வாங்கி, நைட்டி மடிக்கிற மாதிரி மடித்து டிராயருக்குள் திணித்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்தேன். கல்யாணப் பெண் கண்ணை மூடியபடியே, யாருக்கும் கேட்காமல் என்னிடம் சொன்னாள்: “அக்கா, உங்க கை நடுங்குது. ஐலைனர கடைசியா போட்டுக்கலாம், எனக்கு அவசரம் இல்ல.”

திறக்காத கவர்கள்

வேங்கிக்காலில் இருந்து ஐப்ரோ எடுக்க வருகிற ஒரு வக்கீலம்மாவிடம் சம்மனைக் காட்டினேன். முப்பது நாளைக்குள் பதில் போடாவிட்டால் நாம் இல்லாமலே தீர்ப்பு ஆகிவிடும், அப்புறம் பார்லர் சாமானை ஜப்தி செய்யக்கூட வரலாம் என்று விளக்கினார். வங்கி அனுப்பிய கணக்குத் தாள்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். அவற்றில் ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை என்றேன். பிரித்தால் கடன் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். கடனே வாங்கவில்லை என்று எழுதிவிட முடியுமா என்றும் கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “பொய் எழுதினா நான் கேஸ எடுக்க மாட்டேங்க. வாங்கினது எவ்ளோ, அவங்க ஏத்தினது எவ்ளோன்னு பிரிச்சி எழுதுவோம்.”

பதினோரு நாள்

கவர்களைப் பிரிக்க, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்தேன். சேகர் சாயங்கால டிரிப் போயிருந்தார். தரையில் வரிசையாகத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். அன்றைக்கென்று ஸ்கூலில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், என்ன இது என்று குனிந்து ஒரு தாளை எடுத்தார். மறைக்க நேரமில்லை. ஆஸ்பத்திரி பெயர். அதற்குக் கீழே மறுபடியும் அதே பெயர். மருந்துக்கடை. மறுபடியும் ஆஸ்பத்திரி.

சம்மன் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிடவில்லை. இரண்டு நாள் அப்படியே வேனை எடுத்துக்கொண்டு போனார், வந்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. மூன்றாம் நாள் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். கையில் அந்தத் தாள் இருந்தது. ஐ.சி.யூ.வுக்குத் தினமும் கட்டிய தேதிகளை விரல் வைத்து எண்ணியிருப்பார் போல. காப்பீட்டைப் பற்றியோ, கேஸைப் பற்றியோ கேட்கவில்லை. “ஆறு நாள்தான் நெனவு இல்லாம கெடந்தேன்னு சொன்னே. பதினோரு நாளா கெடந்திருக்கேன்.”

பௌர்ணமி வாய்தா

பதில் மனு தயாரானது. கெடு முடிகிற நாளில்தான் தாக்கல்; காலையில் நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அன்று பார்த்துப் பௌர்ணமி. செங்கம் பக்கம் ஒரு காலை முகூர்த்தத்தை முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் பஸ் ஏறினால், ஊருக்கு வெளியிலேயே எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். ஆட்டோவை விடவில்லை. மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். கிரிவலம் போகிற கூட்டம் முழுக்க எதிரே வந்துகொண்டிருந்தது. இடித்தவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினேன். ஒரு அம்மா, கிரிவலம் இந்தப் பக்கம் இல்லை என்று என்னைத் திருப்பி நிறுத்தப் பார்த்தார். ஊருக்குள் வந்து ஒரு ஆட்டோ பிடித்தேன்.

கோர்ட் வராந்தாவில் நான் ஏறும்போது டவாலி என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது இரண்டாவது தடவையாம். முதல் தடவை கூப்பிட்டபோது, கொஞ்சம் கழித்து எடுத்துக்கொள்ளும்படி வக்கீலம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் பேனாவை நீட்டினார். விரலில் இருந்த ஃபவுண்டேஷன் காகிதத்தில் ஒட்டியது. ஏதோ காரணம் சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை. “கையெழுத்து போடுங்க. மூச்சு அப்புறமா வாங்கிக்கலாம்.”

பெஞ்சில் நாலு பேர்

கேஸ் மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. வங்கி அதிகாரி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். சேகர் அன்று லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டினால்தான் பேச்சு என்றார் அதிகாரி. முடியாது என்றால் கேஸ் நடக்கட்டும் என்றார். வக்கீலம்மா கணக்குத் தாளில் ஒரு வரியைக் காட்டினார். நான் கேட்காமலே மாசாமாசம் ஏதோ இன்சூரன்ஸ் என்று பிடித்திருந்தார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கால் மணி நேரம் இருக்கும். சேகர் தன் வேனை விற்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் அவர் கையை அழுத்தி நிறுத்தினேன். அதிகாரி திரும்பி வந்தார். அபராதமும் இன்சூரன்ஸும் தள்ளுபடி. மீதியைப் பன்னிரண்டு தவணையில் கட்டவேண்டும், ஒரு தவணை தப்பினாலும் பழைய கணக்கு திரும்பும். ஒப்புக்கொண்டோம். கையெழுத்து எல்லாம் ஆனபிறகு அவர் நல்ல மனுஷராகவே பேசினார். கிளம்பும்போது கொஞ்சம் தயங்கி என்னிடம் சொன்னார்: “மேடம், உங்களுக்கு இனிமே எங்க பேங்க்ல கார்டு கெடைக்காது. ஆனா கார்டு வேணுமான்னு கேட்டு போன் மட்டும் வரும், அது வேற டிபார்ட்மென்ட்.”

பன்னிரண்டு தவணையும் கட்டி முடித்துவிட்டேன். கணக்குப் பார்த்தால், கடனை அடைக்க எனக்கு ஒரு வருஷமும், கடன் இருக்கிறது என்று வாயைத் திறக்க ஏறக்குறைய மூன்று வருஷமும் ஆகியிருக்கிறது.