போட்டியில்லாமல் வந்த பதவி

கட்டடக் கலைஞர்கள் சங்கத்தில் தலைவர் பதவிக்கு அடிபிடி இல்லாத வருடமே கிடையாது. எதிராளி வரைந்த வீட்டில் கூரை ஒழுகுவதை ஊரெல்லாம் பரப்பி ஓட்டுக் கேட்கிற கூட்டம் அது. இந்த வருடம் மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. குடைச்சல் அக்காவைப் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்துக் கைதட்டினார்கள்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. சின்ன வீடு, மாடியில் ஏற்றும் ஓர் அறை, இடுக்கான குளியலறை என்று வரைந்து பிழைப்பவள் அவள். கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் எழுந்து நின்று கேள்வி கேட்பாள். அவளைக் கண்டாலே ஆகாதவர்கள் பாதிப் பேர். அவர்களும் சேர்ந்து கைதட்டியதுதான் உறுத்தியது.

அவள் கணவர் பல் டாக்டர். "சந்தோஷப்படவே தெரியாதா உனக்கு?" என்றார்.

"வலிக்காத பல்லை எவனாவது உங்ககிட்ட கொண்டாந்து காட்டுவானா?"

"மாட்டான்."

"அப்ப சங்கத்துல எங்கயோ வலிக்குது."

மறுநாள் பழைய தலைவர் அவள் ஆபீசுக்கே வந்தார். எதை வரைந்தாலும் கண்ணாடியை வைத்துவிடுவார் என்பதால் கண்ணாடி அண்ணன். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் தலைவர் சங்க ஹாலில் எதையாவது ஒன்றை மாற்றியே தீருவார். ஒருவர் மேடையை உயர்த்துவார், அடுத்தவர் இடிப்பார். இவர் தன் முறைக்கு முகப்புச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. இந்த வருஷம் ஹாலைத் தொட வேணாம். ஆள் மாத்தி ஆள் நோண்டினது போதும்."

"நீங்க நோண்டி முடிச்சதும் எல்லாருக்கும் நல்ல புத்தி வந்துருச்சாக்கும்?"

அவர் தேவைக்கு மேல் சிரித்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியமே அவள் ஹாலைத் திறந்தாள். வெளிச்சம் கொட்டியது. ஆனால் ஃபால்ஸ் சீலிங் முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது. வெளிச்சத்துக்காகச் சுவரையே எடுத்த மனுஷன் சீலிங்கை எதற்கு இறக்குவார்? ஏணி போட்டு ஏறி, ஒரு பலகையைத் தள்ளி, டார்ச் அடித்தாள்.

கூரையைத் தாங்கும் பீமில் சாய்வாக ஒரு விரிசல். பட்டி பூசி அடைத்திருந்தார்கள். அடைத்த பட்டியும் விரிந்திருந்தது. அப்படியென்றால் பீம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. முகப்பில் நின்ற பில்லரைக் காணோம்.

போன் போட்டு அவரை வரவழைத்தாள்.

"பில்லர் எங்கண்ணே?"

"அதுவா... அது சும்மா அலங்காரத்துக்கு நின்னதும்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் வச்சதுன்னு நெனச்சேன்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா அவர் வச்சது நல்லாருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அண்ணாந்து விரிசலைப் பார்த்ததும் போய்விட்டது. ஆளாளுக்குச் செய்து வைத்த ஜோடனைகளுக்கு நடுவே, கட்டடத்தைத் தாங்கி நின்ற ஒரே பில்லரையும் ஜோடனை என்று பிடுங்கியிருக்கிறார்.

"புத்தாண்டன்னைக்குப் பதவியேற்புக் கூட்டம் முடியட்டும்மா. சத்தமில்லாம முட்டுக் கொடுத்துடலாம். வெளிய தெரிஞ்சா எவன் நம்மகிட்ட வீடு வரையக் குடுப்பான்?"

"குழந்தை குட்டியோட இதுக்குக் கீழதானண்ணே உக்காருவாங்க."

"இத்தனை நாள் நிக்குதுல்ல."

"விழுற வரைக்கும் எல்லாம் நிக்கத்தான் செய்யும். வேற யாருக்குத் தெரியும்?"

"சத்தியமா யாருக்கும் தெரியாது," என்றார் தரையைப் பார்த்து. அவள் நம்பவில்லை.

தன்னிடம் வேலை பார்க்கும் கொத்தனாரை வைத்து பீமுக்கு இரும்பு முட்டுகள் கொடுத்தாள். ஹாலைப் பூட்டினாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. புத்தாண்டன்று காலையில் வாசல் கேட்டில் போய் நின்றுகொண்டாள். உறுப்பினர்கள் குடும்பத்தோடு வரத் தொடங்கினார்கள்.

"பதவியேற்பு முற்றத்துலதான். நாற்காலி நடையில அடுக்கியிருக்கு. ஆளுக்கொண்ணு எடுத்துப் போட்டுக்கோங்க."

முதலில் வந்த நெட்டையர் எகிறினார். "என்ன கூத்து இது? வெயில்ல உக்காரவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"ஹால்ல பில்லரை எடுத்துட்டாங்க. பீம் விட்டுப்போச்சு."

"வந்த அன்னைக்கே பழைய தலைவர் மேல சேறா? நல்லாருக்கும்மா நீ பண்றது."

அவள் சாவியை நீட்டினாள். "முட்டுக் கொடுத்திருக்கேன். ஏணியும் இருக்கு. ஏறிப் பாத்துட்டு வந்து திட்டுங்க."

போனவர் இறங்கி வந்தபோது திட்டவில்லை. "பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க," என்று மட்டும் சத்தம் போட்டுவிட்டு நாற்காலி எடுக்கப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சண்டை பிடித்தார்கள், கேலி செய்தார்கள், கண்ணாடி அண்ணனைத் தேடினார்கள். அவர் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மேசையை நகர்த்திப் போட்டு, அவள் வெயிலில் நின்று உறுதிமொழி எடுத்தாள். சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாளே தவிர, கண் கூட்டத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது. பூட்டிய ஹாலைப் பார்த்ததும் அத்தனை பேரும் காரணம் கேட்டார்கள். வருடா வருடம் பதவிக்கு முட்டி மோதும் நாலைந்து பேர் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக நடைக்குப் போய் நாற்காலியைத் தூக்கி, ஹாலுக்கு எட்டாத மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

கைதட்டல் அடங்கியதும் அவர்களில் ஒருவர் வந்து கை கொடுத்தார். "வாழ்த்துக்கள் தலைவி."

அவள் கையை விடவில்லை. "உக்காருங்க. ஹாலை ஏன் பூட்டினேன்னு கேக்காதவங்ககிட்டதான் மொதல்ல பேசணும்."