கெர்ட்ரூட் போட்ட கையெழுத்து

ஜொகூர் கடற்கரை ஊரான மெர்சிங்கில் கால்நடை மருத்துவர் மனோகரனின் கிளினிக்குக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, “கெர்ட்ரூட் இருக்காங்களா?” என்றுதான். ஊசியைக் கண்டு சீறுகிற பூனைகூட அவள் கைக்கு வந்தால் அடங்கிவிடும். அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றி ஆட்களை வெளியேற்றியபோது, ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு டவுனுக்கு வந்தவள். மீன் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் இருந்தாள். அப்புறம் இந்தக் கிளினிக்கில் உதவியாளர். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கல்யாணம் கூடி வரவில்லை. யாராவது அதைக் கிளறினால், “தினம் இருபது பிள்ளைங்க கத்துதே, போதாதா?” என்பாள்.

ஒரு நவம்பர் மழையில், கார் மோதிக் கிடந்த நீர்நாய் ஒன்றை மீன் லாரிக்காரர் ஒருவர் சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்தார். பெட்டை. பழுப்பு முடி அடர்த்தியாய் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. டாக்டர் அதன் முகத்தைத் துடைத்துப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சாதாரண நீர்நாய்க்கு மூக்கு நுனி மொட்டையாக இருக்கும். இதற்கு அங்கேயும் முடி.

“இந்த ஜாதி இன்னும் இங்க இருக்குன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க கெர்ட்ரூட்,” என்றார். அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார்.

இடுப்பில் அடி. பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு கிடந்தது. முதல் நாள் கெர்ட்ரூட்டின் கையுறையைக் கடித்துக் கிழித்தது. இரண்டாம் நாள் இடுக்கியில் நீட்டிய கெம்போங் என்ற கானாங்கெளுத்தி மீனைப் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள் காலையில் அவள் மீனை வேண்டுமென்றே ஒரு சாண் தள்ளி வைத்தாள். அது இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றி, உந்தி, மீனை எட்டிப் பிடித்தது.

“டாக்டர்! ஊன்றுது டாக்டர்!”

அவர் வந்து அதன் கால் விரலிடுக்கைக் கிள்ளினார். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. “இது தானா வர்ற துடிப்புலா. தண்டுவடம் போன மிருகத்துக்கும் இப்படி இழுக்கும்.”

“கிள்ளினதுக்கு இல்ல டாக்டர். மீனுக்காக ஊன்றிச்சு.”

அவர் கை கழுவப் போனார். வாசலில் வேன் வந்து நின்றது.

இறங்கியவள் லோஷினி. உலு திராம் என்ற ஊர்ப் பெண்; பல்கலைக்கழகத்தில் மரபணு ஆராய்ச்சி செய்கிறவள். அவளோடு வந்த, திசுக்களை உறைய வைக்கும் எஃகு உருளையிலிருந்து குளிர்ந்த வெள்ளைப் புகை வழிந்தது. நல்ல பெண்தான். கெர்ட்ரூட்டுக்குப் பொறுமையாக விளக்கினாள். இந்த நீர்நாயின் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கப் போகிறார்கள். ரோட்டில் செத்து நாறியதிலிருந்து எடுத்தால் எல்லாம் துண்டு துண்டாகப் போய்விடும்.

“ரத்தம் எடுத்தா பத்தாதாம்மா?”

“படிக்கறதுக்கு ரத்தம் போதும் ஆண்டி. ஆனா எந்த மரபணு எந்த உறுப்புல வேலை செய்யுதுன்னு பார்க்க ஈரல், இதயம், மூளை எல்லாம் வேணும். உயிர் போன சில நிமிஷத்துக்குள்ள எடுத்துறணும். எப்படியும் பிழைக்காதுன்னு டாக்டர் சொன்னாரே?”

வனவிலங்குத் துறையின் அனுமதிக் கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது: பிழைக்காது என்று மருத்துவர் உறுதி சொன்னால் மட்டும் ஊசி போட்டு உயிரைப் போக்கலாம். டாக்டர் பாரத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு கெர்ட்ரூட் பக்கம் தள்ளினார். பின்னங்கால்களில் இயக்கம் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே உதவியாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

கெர்ட்ரூட் அவரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக அவர் நீட்டிய தாளில் எல்லாம் போட்ட கை, இதிலும் போட்டது.

பிடிக்க வேண்டியதும் அவள்தான். வேறு யார் தொட்டாலும் கடித்துக் குதறியிருக்கும். அவள் உள்ளங்கை கழுத்துக்குக் கீழே போனதும் நீர்நாய் மோவாயை அவள் மணிக்கட்டில் சாய்த்துக்கொண்டது. மீன் வரும் என்று நினைத்ததோ என்னவோ. ஊசி ஏறும்வரை அசையவில்லை.

பதினைந்து மாதம் கழித்து, மரபணுவைப் படித்து முடித்ததற்காக ஜொகூர் பாருவில் விழா எடுத்தார்கள். லோஷினி விடாமல் அழைத்ததால் கெர்ட்ரூட்டும் டாக்டரின் காரில் போனாள். திரையில் நீர்நாயின் படம், அதன்கீழே வண்ண வண்ணக் கோடுகள். காப்பாற்ற முடியாத நிலையிலிருந்த ஒரு விலங்கு தன் இனத்துக்கே உதவிவிட்டுப் போயிருக்கிறது என்று யாரோ பேச, எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டருக்கு மாலை போட்டார்கள்.

தேநீர் வேளையில் கெர்ட்ரூட் லோஷினியிடம் போனாள். “ஏம்மா, அவ்வளவையும் படிச்சீங்களே. அது திரும்ப எழுந்து நடந்திருக்குமான்னு அதுல தெரியுமா?”

லோஷினி சிரித்தாள். “அதெல்லாம் மரபணுவுல தெரியாது ஆண்டி.” பிறகு சிரிப்பு நின்றது. “ஏன் ஆண்டி கேக்குறீங்க?”

“சும்மாத்தான்.”

திரும்பும் வழியில் கோத்தா திங்கி ஊரையும் தாண்டியாயிற்று. அப்புறம் டாக்டராகவே சொன்னார்: “அது தேறணும்னா மூணு மாசமாவது வச்சுப் பார்த்திருக்கணும் கெர்ட்ரூட். நம்ம கிளினிக்ல அதுக்கு எடம் ஏது? யாரு பார்த்துக்கறது?”

அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே.

“நான் பார்த்திருப்பேன் டாக்டர்.”

அவர் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள். ஐம்பத்தோரு வயதில் வேறெங்கே போவது? கூண்டு கழுவுகிறாள், பூனைகளை அடக்குகிறாள். டாக்டரோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும். பிழைக்காத மிருகத்துக்குக் கடைசி ஊசி போடும்போது சொல்லாமல் வெளியே போய்விடுகிறாள், அவரும் கூப்பிடுவதில்லை. ஜூன் மாதம் அப்படித் தனியாகப் பிடிக்கப்போய் ஒரு கிழட்டு நாய் அவர் மணிக்கட்டில் ஆழமாகக் கடித்துவிட்டது. கெர்ட்ரூட் வந்து காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, இறுக்கமாகக் கட்டினாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.